மூன்று நாள் கேட்டு வந்த அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பாதிப்பேர் அக்காவிடம் நேரில் ஏச்சு வாங்கியவர்கள். மீதிப்பேர் அவர் திரையில் மற்றவர்களை ஏசுவதைப் பார்த்துச் சிரித்தவர்கள். இரண்டு கூட்டத்திலும் சேர்ந்தவன் நான், அவருடைய ஒரே தம்பி. அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற நாளுக்காக அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். கண்ணீர் விட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நடந்ததை நடந்தபடி, என் பக்கத்துத் தவறையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது சுசீந்திரத்துக்கு அருகே, பழையாற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில். அப்பா விவசாயி. அக்கா பள்ளி இறுதி வகுப்பு முடித்த ஆண்டு அப்பா படுக்கையில் விழுந்தார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கல்லூரிக்கு வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தை அலமாரியில் வைத்துவிட்டு அக்கா வயலுக்கு இறங்கினார். நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாம் அவர் பொறுப்பாயின. பதினேழு வயதுப் பெண் சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் வரப்பில் நின்று சத்தம் போடக் கற்றுக்கொண்டார். அவர் போட்ட சத்தம் மூன்று வயல் தாண்டிக் கேட்கும். பிற்காலத்தில் ஒலிப்பதிவுக்காரர்கள் "அம்மா, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க" என்று கெஞ்சியது அந்தக் குரலிடம்தான்.

அப்பா எழுந்து நடமாடிய பிறகு அக்காவுக்குத் திருமணம் ஆயிற்று. அத்தான் மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் எழுத்தர். அதிகம் பேசாதவர், பேசினால் எதிரே இருப்பவர் சிரிக்காமல் இருக்க முடியாது. கடற்கரை ஊருக்குக் குடிபோன ஆறே மாதத்தில், மீன் கொண்டுவரும் பெண்களைப் போலவே அக்கா பேசத் தொடங்கினார். கோட்டாற்றுக் கடைக்காரர் துணியை விரித்துக் காட்டும்போது எப்படிப் பேசுவார், மேற்கே விளவங்கோட்டுப் பக்கத்து மாமியார் மருமகளை எப்படி அழைப்பாள் என்றெல்லாம் பேசிக் காட்டுவார். நாங்கள் அதை வேடிக்கை என்று நினைத்தோம். அது அவர் கற்றுக்கொண்டிருந்த தொழில் என்பது அவருக்கே தெரியாது.

நாற்பத்து மூன்றாம் வயதில் அவர் நடிகையான கதை பலருக்குத் தெரியும். ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நான் அங்கே நின்றவன். கும்பப்பூப் பருவத்து நெல் அறுப்புக்காக அக்காவும் அத்தானும் ஊருக்கு வந்திருந்தார்கள். அறுத்த நெல்லை ரோட்டில் பரப்பிக் காயப் போட்டிருந்தோம். ஒரு சினிமாக் கம்பெனியின் ஜெனரேட்டர் வண்டி அதன்மேல் ஏறி நின்றது. அக்கா போய், ஓட்டுநர் முதல் இயக்குநர் வரை ஒருவர் விடாமல் ஏசினார். அவர் முடிக்கும்வரை அந்த இயக்குநர் கைகட்டி நின்றார். பிறகு பணிவாகக் கேட்டார்.

"அம்மா, இப்ப பேசினதை நாளைக்கு கேமரா முன்னாடி ஒரு தடவை பேசுவீங்களா?"

"நாளைக்கு எதுக்குப் பேசணும்? நாளைக்கும் நெல்லுக்க மேல வண்டிய ஏத்தப் போறியளா?"

விஷயம் புரிந்ததும் அக்கா அத்தான் முகத்தைப் பார்த்தார். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "போயிட்டு வாட்டி. எனக்கு மட்டும் கிட்டுனது எல்லாருக்கும் கிட்டட்டும்" என்றார்.

அப்படித் தொடங்கியது. மாமியார், மீன்காரி, விடுதி வார்டன், கவுன்சிலர், கோயில் வாசலில் பூ விற்பவர் என்று வரிசையாக வேடங்கள் வந்தன. நாகர்கோவிலில் சாயங்கால ரயில் ஏறிப் போவார். வேலை முடிந்ததும் திரும்பிவிடுவார். சென்னையில் வீடு பார்க்கச் சொன்னவர்களிடம், "அங்க இருந்தா நானும் உங்கள மாதிரிப் பேசிருவேன். பொறவு எவன் கூப்பிடுவான்?" என்றாராம். எழுதிக் கொடுத்த வசனத்தை வாங்கி ஒருமுறை படிப்பார். "இந்தப் பொம்பள எந்த ஊருக்காரி?" என்று கேட்பார். பதில் சொல்லத் தெரியாத உதவி இயக்குநர்கள் தவித்துப் போவார்கள். தன் காட்சி முடிந்தாலும் அறைக்குப் போகாமல் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பார்த்ததைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொள்வார். இயக்கம் படித்தது அந்த ஸ்டூலில் இருந்துதான்.

இனி என் பங்கு. நான் அப்போது பள்ளி ஆசிரியர். ஒரு படத்தில் அக்கா சாராயம் விற்பவராக வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொல்வார்; போலீஸ் வந்து பிடித்துப் போகும். அந்த வாரம் கோட்டாற்றில் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் என் பக்கத்தில் இருந்தவர் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "சாரே, உங்க அக்காவ போலீசு விட்டுட்டாவளா?" பந்தியே சிரித்தது. பாதிச் சாப்பாட்டில் இலையை மடக்கிவிட்டு எழுந்தேன். நேரே மணவாளக்குறிச்சிக்குப் பேருந்து ஏறினேன்.

"எக்கா, நம்ம குடும்பத்துப் பொண்ணு சாராயம் விக்கலாமா?"

"நான் எங்கலே வித்தேன்? குப்பியில இருந்தது சீரகம் போட்டுக் காச்சுன வெள்ளம்."

"சிரிக்காத. இனி நடிச்சா எனக்கு அக்கா இல்ல."

அக்கா எழுந்து அடுக்களைக்குப் போய் இலையை எடுத்து வந்து போட்டார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போ" என்றார். நான் சாப்பிடாமல் வந்தேன். நான்கு ஆண்டுகள் பேசவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. குடும்ப விசேஷங்களில் பார்ப்போம். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவரோ பரிமாறுகிறவர்களிடம், "அந்தா இருக்காரே ஒரு பெரிய மனுசன், அவருக்கு அவியல் வையி. கேட்டு வாங்க மாட்டாரு" என்பார். அவியல் வரும். நான் தின்பேன். பேச மாட்டேன்.

இதற்குள் அக்கா தன் முதல் படத்தை இயக்கத் தொடங்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. எல்லாரும் விற்கச் சொல்லும் வயலை விற்க மாட்டேன் என்று ஒரு பெண் தனியாக நிற்கும் கதை. விளைந்த நெல்லுக்கு நடுவே அவள் நின்று ஊரைப் பார்த்துப் பேசுவதுதான் கடைசிக் காட்சி. அதற்கு அவர் மனத்தில் இருந்தது ஒரே வயல், அவர் பதினேழு வயதில் இறங்கிய வயல். அது இப்போது என் பங்கில் இருந்தது.

கன்னிப்பூப் பருவத்து அறுப்புக்குச் சில நாள் முன்பு, ஒரு காலையில் அக்கா என் வீட்டு நடையில் வந்து நின்றார். நான் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டேன். அவர் என் மனைவியிடம் கேட்டார்.

"அறுப்பு எப்பம் மக்ளே?"

"வெள்ளிக்கெழம மெஷின் வருதுண்ணு சொல்லு" என்றேன் நான், தாளுக்குப் பின்னால் இருந்து.

"மூணு நாளு தள்ளிப் போட முடியுமாண்ணு அவன்கிட்ட கேளு."

என் மனைவி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன டெலிபோன் கம்பியா? மைனி, மூணு நாளும் எடுத்துக்கிடுங்கோ. நான் சொல்லுதேன்."

"மழ வந்தா?" என்று கேட்டேன். தாளைப் பார்த்துத்தான் கேட்டேன். ஆனாலும் நான்கு ஆண்டில் அக்காவிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

"வந்தா நான் பாத்துக்கிடுதேன். உன் நெல்லு எனக்கப் பொறுப்பு."

முதல் இரண்டு நாள் வெயில் நன்றாக அடித்தது. கடைசிக் காட்சியை மூன்றாம் நாள் பிற்பகல் வெளிச்சத்துக்காக ஒதுக்கி வைத்திருந்தார். அன்று பதினொரு மணிக்கே தாணுமாலயன் கோயில் கோபுரத்துக்குப் பின்னால் கறுத்துவிட்டது. பன்னிரண்டுக்கு மழை இறங்கியது. நான் குடையை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தேன். சொல்ல வேண்டியதை எல்லாம் வழியிலேயே வரிசைப்படுத்திக்கொண்டேன். நான்கு ஆண்டாகச் சேர்த்து வைத்தது வேறு இருந்தது.

வரப்பை நெருங்கியபோது ஒளிப்பதிவாளர் அக்காவிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், வேலையில் வெறி உள்ளவர்.

"அம்மா, இந்த மழையிலயே எடுத்துடலாம். இப்படி ஒரு வெளிச்சம் மறுபடி கிடைக்காது. பத்தே நிமிஷம்."

அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். நெல் ஒரு மூலையில் சாயத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "படம் நாளைக்கும் எடுக்கலாம் தம்பி. நெல்லு சாஞ்சு கெடந்தா நாளைக்கு முளைச்சிரும். கேமராவ மூடுங்கோ." பிறகு திரும்பி, மூன்று வயல் தாண்டிக் கேட்கும் அந்தக் குரலில், "எல்லாரும் வயல்ல எறங்குங்கோ!" என்றார்.

அறுப்பு மெஷினுக்கு ஆள் அனுப்பினோம். சேற்றில் இறக்கினால் புதைந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள். கையால்தான் அறுக்க வேண்டும். என் மனைவி வீடு வீடாகப் போய் அரிவாள் சேர்த்துக்கொண்டு வந்தாள். லைட் போடுகிறவர்கள், சமையல்காரர்கள், மேக்கப்காரர், உதவி இயக்குநர்கள் என்று நாற்பது பேருக்கு மேல் சேற்றில் நின்றார்கள். படத்தில் விவசாயியாக நடித்தவர் அரிவாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து லைட்மேன் ஒருவர் அதை வாங்கி, அவரைக் கட்டுச் சுமக்க அனுப்பிவிட்டு, எங்கள் ஊர்க்காரர்களே வாய் பிளக்கும்படி அறுத்தார். விளக்குகளை நனையாமல் மூட வைத்திருந்த தார்ப்பாய்கள் எல்லாம் நெற்கட்டுகளுக்குப் போயின. லட்சக்கணக்கில் விலையுள்ள விளக்குகள் மழையில் நின்றன.

நான் குடையோடு வரப்பில் நின்றேன். வரிசைப்படுத்தி வைத்ததை விட்டுவிட்டு, சாய்ந்த மூலையில் எத்தனை பேர் இறங்கியிருக்கிறார்கள் என்று எண்ணினேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"கொடைய மடக்கிட்டு எறங்குலே. நெல்லு உனக்குள்ளதுதானே?"

இறங்கினேன். அவருக்குப் பக்கத்தில் வரிசை பிடித்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "எக்கா, உனக்க கடைசி சீனு?" என்றேன்.

"அது கெடக்கு. நீ கையப் பாத்து அறு. வாத்தியாரு வெரலு போச்சுண்ணா சாக்பீசு எவன் பிடிப்பான்?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். நான்கு ஆண்டுப் பிணக்கு அவ்வளவு எளிதாகத் தீரும் என்று தெரிந்திருந்தால் முதல் வாரமே தீர்த்திருப்பேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வயல் முடிந்தது. ஒரு மூலை மட்டும் போயிற்று. அதற்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அன்று கேட்கவில்லை. மறுநாள் அவருக்குக் காப்பி கொண்டு போனபோது கேட்டேன். "காப்பியில சீனி கொறவு" என்றார். அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

காப்பி குடித்த கையோடு, அறுத்த நெல்லின் அடித்தாள் மட்டும் நிற்கும் வயலை அக்கா வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்துக் கடைசிக் காட்சியை அடித்துவிட்டு வேறு எழுதினார். அறுத்து முடித்த வயலில் அந்தப் பெண் நிற்கிறாள், ஒன்றும் பேசவில்லை, குனிந்து சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறாள். படம் வெளியானபோது அந்த முடிவைத்தான் எல்லாரும் புகழ்ந்தார்கள். நாகர்கோவிலில் நடந்த பாராட்டுக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் எழுந்து, அறுத்த வயல் எதன் குறியீடு என்று கேட்டார். அக்கா மைக்கைப் பக்கத்தில் இழுத்து, "மழ பெஞ்சுது சாரே. அறுத்தோம்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அந்தப் படம் மற்ற ஊர்களில் ஒரு வாரம் தாண்டவில்லை. எங்கள் மாவட்டத்தில் நன்றாக ஓடியது. முதல் நாள் முதல் காட்சிக்கு நான் என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் பார்க்கும்படி முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அதன் பிறகு கடற்கரைப் பெண்களை வைத்து இன்னொரு படம் இயக்கினார். அதில் நடித்தவர்கள் அவர் வீட்டுக்கு மீன் கொண்டுவந்தவர்களே. நடுநடுவே மற்றவர்கள் படங்களில் ஏசிக்கொண்டும் இருந்தார்.

கடைசி நோய் நீளவில்லை. நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் பத்துப் பதினைந்து நாள் இருந்தார். பக்கத்துக் கட்டில் மூதாட்டி ஒருவர் அக்காவை அடையாளம் கண்டுகொண்டார். "எனக்க மவன் எட்டிப் பாக்கவே மாட்டேங்கான். படத்துல ஏசுத மாதிரி அவன ஒருக்கா ஏசுவியா?" என்று கேட்டார். மகனைத் தொலைபேசியில் பிடித்தார்கள். அக்கா மூச்சைச் சேர்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் பேசினார். செவிலியர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். மறுநாள் காலை அந்த மகன் தூக்குவாளியில் கஞ்சியோடு வந்து, தன் தாயைப் பார்க்கும் முன்பு அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். அக்கா என்னிடம் மெல்லச் சொன்னார்: "ஒரே டேக்குல ஓகே ஆயிட்டு." அடுத்த வாரம் உறக்கத்திலேயே போய்விட்டார்.

அந்த நாட்களில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், விடுப்பெடுத்து வளைகுடாவிலிருந்து ஓடிவந்து தாயைக் கைவிடாமல் பார்த்துக்கொண்ட அக்காவின் மகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா போன அன்று மீன் விற்கப் போகாமல் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து நின்ற மணவாளக்குறிச்சிச் சகோதரிகளையும், முன்பதிவில்லாத பெட்டியில் சென்னையிலிருந்து நின்றுகொண்டே வந்த திரைத் தொழிலாளர்களையும் மறக்க மாட்டோம். கருமாதி அடியந்திரத்துக்குப் பந்தல் போட்டவர்கள், பரிமாறியவர்கள், ஆறுதல் சொல்ல வந்து அக்காவின் வசனத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்துப் போனவர்கள், அனைவருக்கும் எங்கள் வணக்கம். பெயர் விடுபட்டவர்கள் என்னைத் தாராளமாக ஏசலாம்.

அத்தான் இப்போது எங்களோடு இருக்கிறார். நேற்று மதியம், இதுவரை எழுதியதை அவரிடம் கொண்டுபோனேன். தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், இத ஒருக்கா வாசிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ."

"பொறவு பாப்பம்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இரி மக்கா. அடுத்த சீன்ல உங்க அக்கா வருவா."

உட்கார்ந்தேன். விளம்பரம் போயிற்று. என் மனைவியும் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்தாள். அத்தான் ஒலியைக் கூட்டினார். திரையில் ஒரு வீட்டுக் கதவு தெரிந்தது. அதைத் தள்ளித் திறந்துகொண்டு அக்கா வந்தார்.