எங்கள் வீட்டு சரண்டர்

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை ஒன்று காலியானது. எண்பதுகளின் நடுப்பகுதி. என் மனைவி அதற்கு மனுப் போட்டாள். இண்டர்வியூ முழுக்க இங்கிலீஷில்தான் இருக்கும் என்று டைம் ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

அவள் கெலமங்கலத்துக்காரி. வீட்டு ஓனரிடம் தெலுங்கு, பக்கத்து வீட்டம்மாவிடம் கன்னடம், என்னிடம் தமிழ் என்று ஒரே மூச்சில் மாற்றி மாற்றிப் பேசுவாள். நான் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். தமிழை விட்டால் எனக்குத் தெரிந்தது ஷாப் ஃப்ளோர் இங்கிலீஷ் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு அவளைத் தயார் செய்கிறேன் என்று கிளம்பினேன். அந்தத் தைரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். இங்கிலீஷைப் படித்தால் புரியும், பேச வாய்தான் வராது. "மனசுக்குள்ள எல்லாம் வருதுங்க. வெளிய வர்றதுக்குள்ள வழியிலயே காணாமப் போயிடுது" என்பாள். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். விளக்கு வைத்ததிலிருந்து சாப்பாடு முடியும்வரை வீட்டில் இங்கிலீஷ் மட்டும். முதலில் திணறித் தமிழுக்கு வருகிறவர் தோற்றவர். தோற்றவர் தன்னுடையது எதையாவது மற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஒப்படைப்பதற்கான சொல்லைக் கொண்டுவந்தவளும் அவள்தான். மனுக் கொடுக்க வந்த அன்று, வெளியே போகும் விசிட்டர்கள் பாஸை சரண்டர் செய்ய வேண்டும் என்று கேட்டில் ஒரு இங்கிலீஷ் போர்டைப் பார்த்திருக்கிறாள். "சரண்டர்னா சண்டையில தோத்த ராஜா பண்றதுதானேங்க? வந்து போறவங்க எதுக்குப் பண்ணணும்?" என்று கேட்டாள். நம்மிடம் இருப்பதைக் கொடுத்துவிட்டு வருவதையும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். ராஜாவும் சண்டையும் இல்லாமலே அந்தச் சொல் புழங்கும் என்பது அவளுக்குப் பிடித்துவிட்டது. தோற்றவர் அந்தச் சொல்லை வைத்து ஒரு முழு வாக்கியம் சொல்ல வேண்டும். வாக்கியம் சரியாக இருந்தால் உடனே அமலுக்கு வரும், அப்பீல் கிடையாது. தப்பாக இருந்தால் இன்னொரு பொருளும் சேர்ந்து போகும்.

முதல் நாளே மாட்டினேன். சாம்பாரில் முருங்கைக்காய் வேகவில்லை என்று குறை சொல்லப் போய், முருங்கைக்காய்க்கு இங்கிலீஷ் தெரியாமல் நின்றேன். "ஐ சரண்டர் தி சேர் டு யூ" என்றேன். வீட்டில் இருந்ததே ஒரு நாற்காலி. அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டு அதில் போய் உட்கார்ந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே. அடுத்து ரேடியோ போனது. ஃபேன் காற்று வரும் பக்கம் போனது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரை முதலில் படிக்கும் உரிமையை ஒப்படைக்க வந்தவன் "ஐ ஆம் சரண்டர் தி பேப்பர்" என்று உளறி, தலையணையையும் சேர்த்துக் கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டம்மா, "சரண்டர் ஆயித்தா?" என்று கன்னடத்தில் விசாரிப்பார். "ஆயித்து, ஆயித்து" என்று இவள் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

நான் விட்டுக்கொடுத்து ஆடினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தோற்கப் பிடிக்காத ஜாதி நான். உயிரைக் கொடுத்துத்தான் ஆடினேன். அவள் ஒரு நாள்கூடத் தோற்கவில்லை. பால்காரர் வராத கதை, பஸ்ஸில் நடந்த சண்டை, எங்கள் இரண்டு வயது மகள் சோப்பைத் தின்ற கதை எல்லாம் தட்டுத் தடுமாறியாவது இங்கிலீஷிலேயே கரை சேர்ந்தன. "நீயும் ஒரு தடவ தோத்துப் பாரு. அந்த வார்த்த உன் வாயில வரவே இல்லயே" என்றேன். "நீங்க தினமும் சொல்றதக் கேட்டே பழகிட்டேங்க" என்றாள்.

இண்டர்வியூ அன்று நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கப் போகாமல் கேட்டுக்கு வெளியே காத்திருந்தேன். மகள் பக்கத்து வீட்டம்மாவிடம் இருந்தாள். மதியத்துக்குச் சற்று முன் இவள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன். கடைசியா ஒண்ணு கேட்டாங்க" என்றாள். வேலை மதியத்திலிருந்து இரவு எட்டு வரை. புருஷன் நிரந்தர நைட் ஷிஃப்ட், பகலில் தூங்குகிறவர். அப்படியானால் சின்னக் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று பெர்சனல் ஆபீசர் கேட்டிருக்கிறார். வீட்டில் எத்தனையோ கேள்விக்குப் பதில் தயார் செய்திருந்தோம். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

"என்ன சொன்ன?"

"சார், மை ஹஸ்பண்ட் வில் சரண்டர் ஹிஸ் நைட் ஷிஃப்ட், அப்படின்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த நைட் ஷிஃப்ட் என்னுடைய ராஜ்ஜியம். ராத்திரியில் ஃபோர்மேன் கிடையாது, லைன் முழுக்க என் பொறுப்பு. மெஷின் நின்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். அந்த இடத்தைப் பிடிக்க நான் நாயாய் உழைத்திருந்தேன். பகல் ஷிஃப்டுக்கு வந்தால் நானும் கூட்டத்தில் ஒருத்தன். வந்த கோபத்தை மறைக்கவும் எனக்குத் தெரியவில்லை.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"உள்ள உக்காந்துகிட்டு எப்படிங்க கேக்கறது? கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

யோசிக்கணும் என்று சொல்லியிருப்பேன். நான் யோசித்து முடிப்பதற்குள் அந்த ஆபரேட்டர் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அது அவளுக்கும் தெரியும்.

"திரும்பச் சொல்லு" என்றேன்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பச் சொன்னாள். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒரு பிசகு இல்லை. அத்தனை நாளும் ஒரு கரண்டியைக்கூடத் தோற்றுக் கொடுக்காதவள், முதன்முதலாக அந்தச் சொல்லை எடுத்து என் ராஜ்ஜியத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அதுவும் நாலு ஆபீசர்கள் முன்னால், நாக்குக் குழறாமல். கோபம் இருந்த இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்துவிட்டது. என்னால் அதைத் தடுக்க முடியவில்லை.

"தப்பு இருந்தாச் சொல்லுங்க."

"தப்பு இல்ல" என்றேன். அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போய், ஃபோர்மேனிடம் காலை ஷிஃப்ட் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நைட்ட விட்டா திரும்பக் கெடைக்காது, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன்.

அவளுக்கு வேலை கிடைத்தது. நைட்டில் என் இடத்துக்கு வேறொருவர் வந்தார். நான் காலையில் மெஷின் ஓட்டினேன், மதியத்துக்கு மேல் மகளுக்குத் தலைவாரினேன். ரெட்டைச் சடை நேராக வரக் கொஞ்ச நாள் பிடித்தது. லைனில் சிலர் கேலி பேசினார்கள். பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மெஷின் ரிப்பேர் என்று ஷிஃப்ட் முடிந்தும் என்னை இருக்கச் சொன்னார்கள். ஃபோர்மேன் மேஜையில் போன் அடித்தது. எடுத்தவர், போனில் ஆபரேட்டர் யாருக்கோ பதில் சொல்வதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "யாருய்யா இந்தப் புதுப் பொண்ணு? பம்பாய்க்காரன் அந்தக் கத்து கத்தறான், இது அசராமப் பதில் சொல்லுது. மெட்ராஸ்ல படிச்சதோ?" என்றார்.

நான் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "கெலமங்கலம் சார். என் சம்சாரம்" என்றேன், மொத்த லைனுக்கும் கேட்கும்படி.