தார் டின்னில் வளர்ந்த சேம்பு

செம்மேட்டை நோக்கி மலைரோட்டில் நடந்துகொண்டிருக்கிறேன். பின்னால் ஒரு விடுதியின் வாட்ச்மேன் இன்னும் என்னையே முறைத்துக்கொண்டு நிற்கிறான். வாசலில் வெள்ளைப் பீங்கான் தொட்டிகளில் ஆளகலச் சேம்பிலைகள். ஒன்றைத் தொட்டுவிட்டேன். "தொடாதீங்க, காஸ்ட்லி செடி" என்றான். காஸ்ட்லியாம். நான் வளர்த்தபோது அதற்குப் பன்றித் தீனி என்று பெயர்.

தொண்ணூறுகளின் கடைசியில் இதே மலையில் ரோடு போடும் கூட்டத்தோடு இருந்தேன். தார் காய்ச்சுகிற வேலை. சட்டை, தலைமுடி, தின்னும் சோறு எல்லாவற்றிலும் தார் வாசம். காலி டின்களை வைக்கோல் போட்டு எரித்து, பாதியாக வெட்டி, அடியில் கடப்பாரையால் ஓட்டை போட்டு, ஓடையோரச் சேம்பைப் பிடுங்கிவந்து நட்டேன். அடிக்கடி இடம் மாறுகிறவன் தரையில் நட்டு என்ன ஆகப்போகிறது? கிழங்கு மூட்டையோடு போன மலைக்காரர் ஒருவர் நின்று கேட்டார்: "ஏனுங்க, ஓடையில சும்மா கெடக்கறதுக்கு டின்னு எதுக்குங்க?"

"பாக்கறதுக்குங்க."

அவர் செடியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

மழையும் சாணியும் சேர்ந்து இலைகள் முறம் முறமாக விரிந்தன. கல்மேல் டின், டின்மேல் இலை என்று ஆள் உயரம். ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், டின்களெல்லாம் தண்ணீர் டிரம்மைச் சுற்றி நகர்ந்திருந்தன. ஜல்லி உடைக்கிற செல்லம்மாக்காவின் வேலை. ரோட்டில் பஸ் போகிறதே என்று அதுவரை எங்கள் பெண்கள் இருட்டிய பிறகுதான் குளிப்பார்கள்.

"நீ பாக்கறதுக்கு வளத்த. எங்களுக்கு எவனும் பாக்காம இருக்கோணும்" என்றாள்.

இதே மலையின் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் முகாம் மாறும் நாளில் மேஸ்திரி டின்களை ஏற்றவிடவில்லை. "தழைக்கெல்லாம் லாரி இல்ல. ஏறுங்க." பெரிய வீரன் நான், முதல் ஆளாக ஏறி நின்றேன். பெண்கள் ஏறவில்லை. செல்லம்மாக்கா ரோட்டிலேயே காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள்.

"டின்னு ஏறட்டுங்க, நாங்க ஏறறோம்."

"எடம் எங்க இருக்குது?"

"அதை நீங்கதான் பாக்கோணும்."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "அப்ப வளத்தவன் எறங்கட்டும். இனி வேலைக்கும் வர வேண்டாம்."

இறங்கினேன். யாரும் பிடித்துத் தள்ளவில்லை, நானே இறங்கினேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். டின்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தேன். பெண்களும் ஏறினார்கள்.

"ஊட்டுக்குப் போயிரு சாமி" என்றாள் செல்லம்மாக்கா.

"ஊடு இருந்தா டின்னுல ஏனுங்கக்கா நடறேன்?"

அவள் சிரித்து முடிப்பதற்குள் லாரி வளைவில் திரும்பிவிட்டது.

இப்போது தாரையும் ஜல்லியையும் எங்கோ கலந்து, கொதிக்கக் கொதிக்க லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். டின் இல்லை, ஜல்லி உடைக்கிற பெண்கள் இல்லை, ரோட்டோரக் கூடாரமும் இல்லை. போகட்டும், அந்த வாழ்க்கைக்கு நான் அழமாட்டேன். அந்த இலைகளுக்குப் பின்னால் அவர்கள் பகலில் குளித்தார்கள். அதை எந்த மேஸ்திரியும் இல்லையென்று ஆக்க முடியாது.

அன்று லாரி போன மறுநாள் காலை திண்ணனூர் நாட்டில் ஒரு காட்டுக்காரரிடம் போய் நின்றேன். "என்ன வேலை தெரியும்?" என்றார். "எலை நல்லா வளப்பேனுங்க" என்றேன். கையில் அரிவாளைக் கொடுத்தார். குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளித் தோட்டம். தழையை வெட்டி எறிந்துவிட்டுக் கிழங்கைப் பிடுங்குகிற வேலை. சேர்ந்துவிட்டேன்.