பனிநாட்டில் யாரும் துக்கம் விசாரிப்பதில்லை

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அலுவலக மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் "பசியாறியாச்சா?" என்று கேட்டுவிடுவார். காலைச் சாப்பாட்டுக்கு மலேசியத் தமிழர்கள் வைத்திருக்கும் சொல் அது. வந்த புதிதில் அதைக் கேட்டால் கோயில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்பதுபோல் இருக்கும். தப்பித்தவறி இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சற்று நேரத்தில் மேசைமேல் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். அதற்குப் பயந்தே, சாப்பிடாத நாளிலும் ஆச்சு என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது என் பிழைப்பு. பூதமோ பறக்கும் குதிரையோ, என் கைக்கு வந்தால் தமிழ் பேசியாக வேண்டும். அண்மையில் வந்தது ஒரு மாயலோகப் படம். அதில் வரும் பனிநாட்டு மக்களுக்கு ஒரு விசித்திரமான வழக்கம். சாவு விழுந்த வீட்டுக்கு ஊரே போகும், ஆனால் செத்தவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். வாசலில் நின்று, "உன் அடுப்பு எரிகிறதா?" என்று மட்டும் கேட்பார்கள். இல்லை என்றால் உள்ளே வந்து மூட்டுவார்கள், சும்மா உட்கார்ந்திருப்பார்கள், போய்விடுவார்கள். தெற்கிலிருந்து வந்த கதாநாயகன் இதைப் பார்த்துக் கொதித்துப்போகிறான். தகப்பனைப் பறிகொடுத்தவனிடம் அடுப்பைப் பற்றியா கேட்பது, உங்கள் நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று கத்துகிறான். அந்த வசனத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைவிடக் காரம் கொஞ்சம் தூக்கல்தான்.

காரணம் இருந்தது. அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோவில்பட்டியில் காரியம் முடித்துத் திரும்பி வந்த என்னிடம், இந்த அலுவலகத்தில் ஒரு ஆள்கூட "எப்படி ஆச்சு?" என்று கேட்கவில்லை. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் பக்கம் துஷ்டி வீட்டில் அந்தக் கேள்விக்கு ஓய்வே கிடையாது. புதிதாக ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். காலையில் நல்லாத்தான் இருந்தார், காபி கேட்டார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சொல்லச் சொல்லத்தான் துக்கம் தேயும். ஆனால் எங்கள் வீட்டில் அதைச் சொன்னவன் என் தம்பி. கூட இருந்தவன் அவன். அன்று திருச்சி விமானத்தில் இடம் கிடைக்காமல், சென்னை போய் பஸ் பிடித்து நான் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. வந்தவர்கள் என்னைப் பார்த்து, "மூத்தவன் இப்பத்தான் வந்தானாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தம்பி பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சரி, அங்கேதான் வாயில்லை, இங்கேயாவது யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். எங்கே? காலையில் பசியாறியாச்சா, மதியம் சாப்பிட்டாச்சா. இது சோற்றைப் போட்டு வாயை அடைக்கிற ஊர் என்று ஊரில் இருக்கும் மனைவியிடம் போனில் பொரிந்து தள்ளினேன். இந்தப் படத்தை முடித்துக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

நான் எழுதும் வரிகளைச் சரிபார்ப்பவர் புனிதா. இதே ஊரில், சாலாக் செலாத்தானில் பிறந்து வளர்ந்தவர். அப்பா இறந்த அன்று என்னைத் தன் காரில் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். திரும்பி வந்த பிறகு அவரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதில்தான் எனக்குக் கூடுதல் வருத்தம். அந்தக் கதாநாயகன் வசனத்தை எழுதி முடித்த மறுநாள் இருவரும் அந்தக் காட்சியை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, இந்த வரி ரொம்ப சூடா இருக்கு லா. இங்கிலீஷ்ல இவ்ளோ இல்லையே."

"அவன் கேக்கறது நியாயம்தானே? செத்த வீட்ல ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டாங்களா?"

"எப்படி விசாரிக்கறது? அந்தப் பையன் இன்னும் வாயத் திறக்கலையே. அவனா சொல்லட்டும்னுதான் வந்து உக்காந்திருக்காங்க."

"என்கிட்டயும்தான் யாரும் கேக்கல, புனிதா."

அவர் படத்தை நிறுத்தினார். "நீங்க ஒண்ணுமே சொல்லலையே அண்ணே. கேட்டு, உங்களுக்கு ஹர்ட் ஆயிடுச்சுன்னா? அதான் எல்லாரும் பேசாம இருந்தோம். இப்ப சொல்லுங்க. எப்படி ஆச்சு?"

எத்தனை நாள் காத்திருந்த கேள்வி. ஆனால் காபி கேட்டதும் நெஞ்சைப் பிடித்ததும் தம்பி பார்த்தவை. அவற்றை நான் சொன்னால் இரவல் வாங்கிச் சொல்வதுபோல் ஆகிவிடும். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் அங்க இல்லையே" என்றேன்.

"நீங்க இங்க இருந்தீங்க இல்ல? நான் பாத்தேனே" என்றார் புனிதா. "போன் வந்தப்ப இதே நாற்காலிலதான் இருந்தீங்க. எழுந்தீங்க, திரும்பவும் உக்காந்தீங்க. என்ன ஆச்சுன்னு கேட்டா, இந்த வரி நீளமா இருக்கு, கொறைக்கணும்னு சொல்றீங்க. எனக்கு பயமாப் போச்சு. கார்ல போறப்ப தம்பிக்குப் போன் போட்டு, அப்பாவுக்கு எந்த வேட்டி கட்டியிருக்கீங்க, எந்த வேட்டி கட்டியிருக்கீங்கன்னு அதையே கேட்டுக்கிட்டு வந்தீங்க."

எனக்கு அதில் எதுவுமே நினைவில்லை. "அப்புறம்?" என்று கேட்டேன்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒலிப்பதிவுப் பகுதியிலிருந்து பைசல் உள்ளே வந்தான். என் கண்களைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்து அப்படியே நின்றான். பிறகு ஒரு நாற்காலியை மெதுவாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். புனிதா அவன் பக்கம் திரும்பி, போன் வந்ததிலிருந்து, மறுபடி முதலிலிருந்து, மலாயில் சொல்ல ஆரம்பித்தார். மதுரையைத் தாண்டாத என் அப்பாவின் சாவை, அவருக்கு ஒரு சொல்லும் தெரியாத மொழியில் ஒருவர் சொல்ல, ஒருவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். துஷ்டி வீட்டு மூத்த மகனாக நான் நடுவில் உட்கார்ந்து அழுதேன்.