மூன்றாவது டப்பா

மூங்கிலும் தார்ப்பாயும் வைத்து டூரிங் கொட்டாய் கட்டியவன் நான். பேங்க்காரன் கைவிரித்தான், சொந்தக்காரன் சிரித்தான். கட்டினேன். ப்ரொஜக்டரையும் ஜெனரேட்டரையும் ஜீப்பில் ஏற்றி வெள்ளிமலைக்குக் கொண்டுபோனவன் நான். மலை ரோட்டில் ஜீப் மூச்சு வாங்கி நின்றால், ப்ரொஜக்டரைக் கைக்குழந்தை மாதிரி தோளில் போட்டு நடந்தவனும் நான்தான். கிரிக்கெட்டும் கபடியும் தவிர வேறு தெரியாத கருணாபுரத்தில் சவுக்குக் கட்டையை நட்டு கோல் போஸ்ட் நிறுத்தியது யார்? நான். படிப்பு மூன்றாம் கிளாஸ்.

வாராவாரம் படிக்கிற உங்களுக்கு இதெல்லாம் தெரியும். பெருமைதான் அடித்துக்கொள்கிறேன். செய்தவன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

யாரும் சொல்ல மாட்டார்கள். போன வாரம் கண்ணெதிரே பார்த்தேன்.

கருணாபுரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை வந்தான். ஒரு கையில் கம்பு, இன்னொரு கை அவன் மனைவி அஞ்சலையின் தோளில். கடையே எழுந்து நின்றது. ஒரு வருஷத்துக்கு மேலாக வீட்டைவிட்டு வெளியே வராதவன்!

"கேம்ப்ல டாக்டரம்மா பேசிப் பேசியே தேத்திட்டாங்கப்பா" என்றார் ஒருவர்.

"அதெல்லாம் இல்ல, அங்காளம்மனுக்கு வேண்டிக்கினாங்க" என்றார் இன்னொருவர்.

கட்சிக்காரர் ஒருவர் செல்போனை எடுத்து ஏழுமலையைத் தன் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டார். தங்கள் முயற்சி என்று போடப் போகிறாராம்.

நான் அங்கேதான் இருந்தேன். கையில் டீ. ஒரு ஆள்... ஒரே ஒரு ஆள் என் பக்கம் திரும்ப வேண்டுமே?

திரும்பியவன் ஏழுமலைதான். நான் இருமியது கேட்டிருக்கிறது.

"அந்த ஃபிராடு இங்கதான குந்திக்கினு கீறான்?" என்றான்.

நான் சந்தோஷத்தில் டீயைக் கொட்டிக்கொண்டேன்.

ஏழுமலை யார் என்று சொல்லிவிடுகிறேன். நெல் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவன். என் ஃபுட்பால் டீமில் லெஃப்ட் சைடில் ஓடினவன். அவன் தம்பி கோபால் கோல்கீப்பர். வயசான பிறகும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மூட்டை தூக்கினார்கள். சாயங்காலமானால், உடம்பு வலிக்கு என்று சொல்லி, ஒன்றாகத்தான் பாக்கெட் சாராயம் வாங்கினார்கள். அந்த ஜூன் மாசம் வந்த விஷச் சாராயத்தையும் ஒன்றாகத்தான் வாங்கினார்கள்.

மீதி உங்களுக்குத் தெரியும். பேப்பரில் வந்தது. பேப்பரில் வராததை நான் சொல்கிறேன். அன்றைக்கு எங்கள் பக்கம் பந்தல் போட ஆள் கிடைக்கவில்லை. பந்தல் போடுகிறவன் வீட்டிலேயே சாவு. எந்த வீட்டுக்கு முதலில் போய்த் துக்கம் கேட்பது என்று தெரியாமல் ஜனங்கள் தெருமுனையிலேயே நின்றார்கள்.

கோபால் போய்விட்டான். ஏழுமலை பிழைத்தான், கண் போய்விட்டது. தம்பியை எடுத்துக்கொண்டு போனபோது இவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கோபால் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. இனி யார் முகத்தையும் பார்க்கப் போவதில்லை.

வீட்டுக்கு வந்தவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அப்படியே கிடந்தான்.

"சோறு வச்சா துண்றாரு. வக்கலன்னா கேக்கறதில்ல" என்றாள் அஞ்சலை என்னிடம். "திட்டவாவது திட்டுய்யான்னு கேட்டுட்டேன்ணே. அதுவும் இல்ல. பொணத்துக்குப் பக்கத்துல படுத்துக்கினு இருக்கறாப்புல இருக்குது."

வந்தவர்கள் எல்லாரும் எழவு வீட்டுக் குரலில் பேசினார்கள். நானும்தான். பிரெட்டும் ஆப்பிளும் வாங்கிப் போனேன். "தைரியமா இரு" என்றேன். என்ன சொன்னாலும் ஒரே பதில்... "சரி."

இப்போது டப்பா கதைக்கு வருகிறேன்.

புதுச்சேரியில் பழைய கிளப் ஒன்றை மூடியபோது சாமான்களை எடைக்குப் போட்டார்கள். காயலான் கடையில் கிடந்த ப்ரொஜக்டரோடு இரண்டு டப்பா ஃபிலிமும் எனக்குக் கிடைத்தது. ஓட்டிப் பார்த்தால்... ஃபுட்பால் மேட்ச்! கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போன நாளில், ஏழு ஏழு பேராக ஆடுகிற செவன்ஸ் ஃபுட்பாலுக்கு கேலரி கட்டுகிற மூங்கிலைச் சுமந்தவன் நான். வேலை முடிந்ததும் அதே மூங்கிலில் ஏறி உட்கார்ந்து ஆட்டம் பார்த்த பைத்தியம். விடுவேனா?

கறுப்பு வெள்ளைப் படம். தலைப்புத் துண்டு அறுந்து போயிருந்தது. சவுண்டும் வராது. எந்த ஊர், எந்த நாடு, ஒன்றும் தெரியாது. ஒரு டீம் வெள்ளைச் சட்டை, இன்னொன்று பட்டை பட்டையாகக் கோடு போட்ட சட்டை. ஆளுக்கு ஒரு கோல் அடிக்கிறார்கள். கடைசியில் தலையில் கட்டுப் போட்ட வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு கோலை நோக்கி ஓடுகிறான்... ஓடுகிறான்... படம் தீர்ந்துவிடும். மூன்றாவது டப்பா இல்லை.

சாமி படம் முடிந்ததும் இதை ஓட்டுவேன். கமென்ட்ரி நான்தான். கருணாபுரம் இரண்டாகப் பிரிந்தது. ஏழுமலையும் கோபாலும் வெள்ளைச் சட்டை. நான் பட்டைச் சட்டை. வெள்ளிமலையில் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் பேரே வைத்துவிட்டார்கள். கட்டுப் போட்டவன் 'தலைக்கட்டு'. பட்டைச் சட்டை கோல்கீப்பர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பான் — அவன் 'பூசாரி'. தினைக் கதிரை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்த ஒரு அம்மா, ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்கும்: "அந்தத் தலைக்கட்டு எப்பங்க பந்தை அடிப்பாரு? போன வருசமும் ஓடிக்கினேதான இருந்தாரு?"

உலகக் கோப்பை வந்தால் எந்த டீமுக்கு சப்போர்ட் என்று என்னைக் கேட்பார்கள். எனக்கு ஒரே டீம்தான், பட்டைச் சட்டை. எந்த நாட்டு டீம் என்று இன்றுவரை தெரியாது. அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன், ஒரு கல்யாணத்தில் பந்தியிலிருந்து எழுந்து வந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஃபிலிம் சேர்த்தேன். கட்டிலுக்கு அடியில் டப்பா, பரண் மேல் டப்பா. புளிச்ச வாடை அடிக்கிறது என்று என் வீட்டம்மா தனி ரூமுக்குப் போய்விட்டாள். எங்கே மூடிய தியேட்டர் என்று கேள்விப்பட்டாலும் போய் நிற்பேன். வெளியே சொல்வது சினிமா சேகரிப்பு. உள்ளுக்குள் தேடியது ஒன்றே ஒன்று.

இரண்டு மாசம் முன்னால் போன் வந்தது. காயலான் கடைக்காரரின் மகன். கடையை இடிக்கப் போகிறார்களாம், பரணில் "உங்க சரக்கு மாதிரி" ஒன்று இருக்கிறதாம். முதல் பஸ்ஸில் போனேன். டப்பாவைத் திறந்து ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் துண்டிலேயே தலைக்கட்டு. அதே ஓட்டம்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து ஓட்டினேன். தலைக்கட்டு வந்தான், அடித்தான். பூசாரி விழுந்தான். பந்து உள்ளே.

வெள்ளைச் சட்டை ஜெயித்துவிட்டது. என் பட்டைச் சட்டை தோற்றுவிட்டது. இத்தனை வருஷம் வாய் கிழியப் பேசியவன், ஃபிலிமின் வால் சக்கரத்தில் டப் டப் என்று அடித்துக்கொண்டிருக்க, லைட்டைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் ஏழுமலை ஜெயித்திருக்கிறான். அவனிடம் சொல்ல வேண்டும். ப்ரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். வீட்டில் அவனும் அஞ்சலையும் மட்டும்.

"மச்சான், மூணாவது டப்பா கெடச்சிடுச்சிடா."

சுவர்ப் பக்கம் படுத்திருந்தவன் அசையவில்லை.

"யாரு ஜெயிச்சான்னு கேளு."

"யாரு ஜெயிச்சா இன்னா? கோபாலு போய்ட்டான்."

சும்மா நிற்க முடியவில்லை. மெஷினை மாட்டினேன், ஓட விட்டேன். அந்தக் கடகட சத்தம் கேட்டதும் அவன் தலை லேசாகத் திரும்பியது. நான் பார்த்தேன்.

கமென்ட்ரியை ஆரம்பித்தேன். "தலைக்கட்டு ஓடறான்... ஒருத்தன ஏமாத்திட்டான்... ரெண்டு பேர்..."

கோல் என்று சொன்னால் என்ன சொல்வான்? "சரி" என்பான். இன்னொரு ஆப்பிள் வாங்கிக் கொடுத்த மாதிரிதான் ஆகும். ஒரு வருஷமாக எல்லாரும் அவனுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். அவனிடம் யாராவது எதையாவது பிடுங்கினோமா? அவனோடு யாராவது சண்டை போட்டோமா?

"அடிச்சான்... ஐயய்யோ! பூசாரி புடிச்சிட்டான்டா!"

சுவரில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் தலைக்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு குதிக்கிறார்கள். அஞ்சலை சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போனாள். கண்ணைக் காட்டினேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"பூசாரி பந்தை எட்டி உட்டான்... பட்டைச் சட்டை ஒருத்தன் தனியா நிக்கறான்... ஓடறான்... கோலு! கோலுடா! என் டீமு ஜெயிச்சிடுச்சிடா! எத்தினி வருசம்டா ஆட்டம் காட்டின நீ?"

சத்தம் போட்டுச் சிரித்தேன். அந்த வீட்டில், அந்தத் தெருவில், யாரும் சிரித்து எவ்வளவு நாளோ! எனக்கே உடம்பு கூசியது.

"தனியா நின்னானா?" சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஆமா."

"டிஃபென்ஸ்காரன் எங்க?"

"பின்னாடி."

"அப்ப ஆஃப்சைடு."

"கண்ணு தெரியாம ஆஃப்சைடு சொல்றியாடா?"

சொல்லிவிட்டேன். அஞ்சலை "அண்ணே!" என்றாள். தப்பான இடத்தில் கை வைத்துவிட்டோம், இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று நினைத்தேன்.

கையை ஊன்றினான். எழுந்து உட்கார்ந்தான்.

"எனுக்குக் கண்ணு இல்ல. உனுக்கு வாய் இருக்குதுன்னு எதை வோணும்னாலும் சொல்லுவியா? மறுபடி ஓட்டு."

ஓட்டினேன். அதே பொய்யை மறுபடியும் சொன்னேன்.

"மொதல்ல ஒருத்தன் நின்னான்ன. இப்ப ரெண்டு பேருன்ற?"

"அது... ஒருத்தன் மறைவா நின்னான்."

"எங்கடா மறைவு? கிரவுண்டுல இன்னா புளியமரமா கீது? அஞ்சல, அந்தக் கூழைக் குடு. இவன இன்னிக்கி விடப் போறதில்ல."

குடித்துக்கொண்டே திட்டினான். எங்கப்பனைத் திட்டினான், என் கொட்டாயைத் திட்டினான். கோபாலுக்கு நான் பழைய கிளவுஸ் கொடுத்ததைச் சொல்லித் திட்டினான். கோபால் பேர் வந்ததும் குரல் உடைந்தது. ஒரு வருஷத்தில் அப்போதுதான் அழுதான் என்று அஞ்சலை பிறகு சொன்னாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தினான்.

"ஆனாலும் ஆஃப்சைடுதான்" என்றான்.

அன்றிலிருந்து தினமும் சண்டைதான். போன வாரம் டீக்கடைக்கு வந்ததும் என்மேல் புகார் சொல்லத்தான்.

இப்போது ஒரு சிக்கல். எலவனாசூர்கோட்டையிலிருந்து அவன் மருமகன் இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறான். கண்ணால் பார்த்து உண்மையைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று ஏழுமலையே வரச் சொல்லியிருக்கிறான். படம் என் கையில்தான் இருக்கிறது. ஃபிலிம் அறுந்துவிட்டது என்று சொல்லலாம். தீக்குச்சி ஒன்று போதும், சாம்பலைக் காட்டலாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஜெயித்தோம் என்று தெரிந்தால் சண்டை முடிந்துவிடுமே? மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டால்?

யோசித்துவிட்டேன். அறுக்க மாட்டேன், கொளுத்தவும் மாட்டேன். கோபாலும் வெள்ளைச் சட்டை. அவன் டீம் ஜெயித்ததை எத்தனை நாள் நான் மறைத்து வைப்பது?

மருமகனே, கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி சொல். வெள்ளைச் சட்டைதான் ஜெயித்தது, தலைக்கட்டுதான் அடித்தான் என்று சொல். மாமனார் கம்பை எடுத்துக்கொண்டு என்னை அடிக்கக் கிளம்புவார். கருணாபுரத்திலிருந்து என் வீடு தூரம்தான். ஆட்டோ பிடித்துக் கொடுக்காதே, நடந்தே வரட்டும். வாசல் கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.

டாக்டரம்மாவைச் சொல்லுங்கள், அங்காளம்மனைச் சொல்லுங்கள், கட்சிக்காரரையும் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மனுஷன் என் வாசல் வரைக்கும் நடந்து வந்துவிட்டால், நடக்க வைத்தது யார் என்று கேட்கிற இடத்தில் என் பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் — அடி வாங்கப் போகிறவன் நான்.