ஹெட்செற்றில் கேட்ட செபமாலை

ரொறன்ரோவில் சின்னம்மாவுக்கு இருதய ஒப்பரேசன். உள்ளே கொண்டுபோகுமுன் ஒரு தரம் அம்மாவோடு கதைக்க விடுவார்கள் என்று சின்னம்மாவின் மகள் முதல் நாளே சொல்லியிருந்தாள். எழும்பினால் எழும்பினதுதான் என்ற மாதிரித்தான் டொக்டர்மாரின் பேச்சு. அங்கே காலை என்றால் எங்கள் நெடுந்தீவில் பொழுதுபடுகிற நேரம். அக்கா தங்கச்சி இரண்டு பேரும் கடைசியாக ஒருவர் குரலை ஒருவர் கேட்பது என் கையில்தான் இருந்தது.

அம்மாவுக்கு ஒரு காது முற்றாகச் செவிடு. மற்றதில் சத்தத்தைக் கொண்டுபோய் ஒட்டினால்தான் ஏறும். அதற்காகவே போன நத்தார்ப் பண்டிகைக்குச் சின்னம்மா, காதை மூடுகிற பெரிய ஹெட்செற் ஒன்றை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். வயர் இல்லாதது. அதுதான் எங்கள் வீட்டுக்குத் தோது. போனுக்குச் சிக்னல் பிடிப்பது றோட்டுப் பக்க யன்னல் திட்டில் மட்டும், அம்மா இருக்கிற கதிரையோ உள்ளே. இந்தச் சிக்னலில் வீடியோவை நினைக்கவே கூடாது, குரல் வந்தாலே பெரிய காரியம்.

எந்தப் புதுச் சாமான் வந்தாலும் மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்துத்தான் எங்கள் வீட்டில் எடுப்பது. ஹெட்செற்றையும் அம்மா விடவில்லை. "இதில முதல் கேக்கிறது செபமாலையா இருக்கட்டும்" என்று ஒரே பிடியாக நின்றார். சுரூபத்தடியில் கிடக்கிற பழைய போனோடு அதை இணைத்துக் கேட்க வைத்தேன். அந்தப் போனுக்கு வேறு வேலை இல்லை. பொழுதுபட்டதும் அதில் செபமாலைப் பதிவைப் போட்டுவிடுவேன். அம்மாவுக்கு அது கேட்காது, திரை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு மணி உருட்டுவார். அந்த ஒரு நாளுக்குப் பிறகு ஹெட்செற் என் போனோடுதான் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சின்னம்மாவின் போன்கோல் வரும், அதற்கு எடுப்போம்.

அன்றைக்கும் மெழுகுதிரி கொளுத்தி, செபமாலையைப் போட்டுவிட்டு யன்னலடிக்கு வந்து ஹெட்செற்றை அழுத்தினேன். விளக்கு நீலமும் சிவப்புமாக மினுங்கினது, மினுங்கினபடியே நின்றது. போனில் புளூரூத்தை நிப்பாட்டித் திரும்பப் போட்டேன். இல்லை. ஹெட்செற்றை நிப்பாட்டித் திரும்பப் போட்டேன். அதுவும் இல்லை. சார்ஜ் இருக்கிறது, பக்கத்தில்தான் இருக்கிறது, நேற்றுவரை நாய்க்குட்டி மாதிரி ஒட்டின சாமான் இன்றைக்கென்று முகத்தைத் திருப்புகிறது. புதிதாகச் சேர்க்கலாமென்று போனிலிருந்து அதன் பெயரையே கோபத்தில் அழித்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் கோல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு எடுத்தேன்.

"அண்ணை, கெதியாப் பெரியம்மாட்டைக் குடுங்கோ. அம்மாவைக் கொண்டுபோக ஆக்கள் வந்திட்டினம்."

"பொறு பிள்ளை, இந்தச் சனியன் வேலை செய்யுதில்லை."

"என்னடா, அவள் வந்திட்டாளோ? கொண்டா இஞ்சை" என்று உள்ளேயிருந்து அம்மா.

விளக்கு மினுங்கலை விட்டு நீலமாக நின்றது. அப்பாடா என்றிருந்தது. வேறெதையும் பார்க்கவில்லை. போனை யன்னல் திட்டிலேயே விட்டுவிட்டு ஓடிப்போய் அம்மாவின் தலையில் மாட்டினேன்.

அம்மா சிரித்தபடி "பிள்ளை" என்றார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். சிலுவை அடையாளம் போட்டார்.

"செபமாலை சொல்லினம்" என்றார். "முடிஞ்சுது. போயிட்டாள்."

உயிர் பிரிகிற கட்டிலைச் சுற்றி நின்று செபமாலை சொல்வது எங்கள் வழக்கம். அம்மாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தங்கச்சியை அவர் ஏசினதைத் தவிர வேறொன்றும் நான் கேட்டு வளர்ந்ததில்லை. கனடாவுக்குப் போனதற்கு ஏசினார், வராமல் இருந்ததற்கு ஏசினார், இந்த ஹெட்செற்றுக்கும் "காசைக் கரியாக்கிறாள்" என்று ஏசினார். அந்த அம்மாதான் இப்போது நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என்ரை இடுப்பில வளந்த பிள்ளையெல்லோ, எனக்கு முந்திப் போகலாமோ, உன்னை விட்டால் எனக்கு ஆர் இருக்கினம்" என்று வீடு அதிர அழுதார்.

ஹெட்செற்றைக் கழற்றி என் காதில் வைத்தேன். மெய்தான், பெண்குரல்கள், செபமாலை. நானும் நம்பினேன். அப்போது யன்னலடிப் போனில் சின்னம்மாவின் மகள் கூப்பிட்டாள். "அண்ணை, அங்கை என்ன நடந்தது?"

அவள் குரல் யன்னலில் என்றால், காதில் ஓடுகிற செபமாலை எங்கேயிருந்து வருகிறது? சுரூபத்தடியைப் பார்த்தேன். பழைய போனின் திரை வெளிச்சமாக இருந்தது, சத்தம்தான் இல்லை. நான் பெயரை அழித்ததும் ஹெட்செற் முதன்முதல் பழகின போனைத் தேடிப்போய் ஒட்டிவிட்டது. பாய்ந்து போய் அதை நிப்பாட்டிவிட்டு யன்னலடிக்கு ஓடி, என் போனோடு ஹெட்செற்றைச் சேர்க்கத் தொடங்கினேன். அம்மாவின் அழுகை ஓயவில்லை. போனில் சின்னம்மாவின் குரல் மெல்லிசாகக் கேட்டது.

"அக்கா எனக்கோ அழுறா?"

"ஓம் சின்னம்மா, ஒரு பிழை நடந்துபோச்சு, பொறுங்கோ, இப்ப சரிவரும்."

"அவசரப்படாதை தம்பி. கொஞ்சம் கேட்டிட்டுப் போறன்."

நான் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை, அவசரப்பட்டேன். இந்தமுறை போனையும் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு மாட்டிவிட்டேன். தங்கச்சியின் குரல் காதில் ஏறினதும் அம்மா கண்ணைத் துடைத்தார். "எருமை, இவ்வளவு நேரமும் வாயைத் திறக்காமல் இருந்தனியோ" என்று ஏசினார். "சரி சரி, போயிட்டுச் சுகமா வா" என்றார். அவ்வளவுதான், கொண்டுபோய்விட்டார்கள். அந்த அழுகையைச் சின்னம்மா கேட்டுக்கொண்டிருந்ததை அன்றிரவே அம்மாவின் காதுக்குள் சொன்னேன்.

சின்னம்மா எழும்பவில்லை.

அங்கே அடக்கம் நடந்த அன்று அயலட்டைச் சனம் எங்கள் வீட்டில் கூடியிருந்தது. அம்மா ஹெட்செற்றோடு கதிரையில் இருந்தார். அங்கே சவப்பெட்டியைச் சுற்றி நின்று சொன்ன செபமாலை அதில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா பயந்துபோய் அவரின் தோளைப் பிடித்து உலுக்கி, ஹெட்செற்றை விலக்கி, காதுக்குள் சத்தமாகச் சொன்னார்.

"அழுங்கோ அம்மா. அழுதால்தான் ஆறும்."

"நான் அழுதிட்டன்" என்றார் அம்மா. "அவளும் கேட்டிட்டுத்தான் போனவள்."