கீரைக்குள் இருந்த இறால்

விருந்துக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு போனால் நம் ஊரில் சண்டை வந்துவிடும். இங்கே ஜொகூரில் என் மகள் கயல் அப்படித்தான் பெருநாள் விருந்துக்குப் போகிறாள். ஊரிலிருக்கும் என் அண்ணன் பிள்ளைகளே, பள்ளி விடுமுறைக்கு அவள் உங்கள் சித்தியோடு உங்களிடம் வருகிறாள். அதற்கு முன் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இறால் தின்றால் அவளுக்கு உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கும். "சூட்டு உடம்பு" என்று நாங்களே தீர்ப்புச் சொல்லி, மோர் கொடுத்து, வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டினோம். நம் வீட்டில் எந்தத் தடிப்புக்கும் அதுதானே வைத்தியம்! அப்புறம் இறாலை நிறுத்திவிட்டோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். ஒருநாள், நாங்கள் குடியிருக்கும் தெப்ராவில், பக்கத்து வீட்டு மலாய் அம்மா ரோஹானா கங்கோங் கீரை வதக்கிக் கொண்டுவந்தார். இறால் இருக்கிறதா என்று மலாயில் கேட்டேன். "இறாலா? வெறும் கீரைதான் லா!" என்று சிரித்தார். கயல் இரண்டு வாய்தான் தின்றாள். உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது.

மருத்துவமனையில் ஊசி போட்டு மூச்சு சீரான பிறகு டாக்டர் கேட்டார்: "கீரையில பெலாச்சான் போட்டாங்களா?" பெலாச்சான் என்பது குட்டி இறாலை உப்பிட்டு இடித்துக் காயவைத்த கட்டி. இங்கே அது உப்பு, புளி மாதிரி. யாரும் அதை இறாலாக நினைப்பதில்லை. பிறகு ஒருநாள் கயலின் கையில் ஒவ்வொரு உணவின் சாற்றையும் சொட்டுச் சொட்டாக வைத்து லேசாகக் குத்திப் பார்த்தார்கள். இறால் சொட்டு வைத்த இடம் கொசு கடித்ததுபோல் எழும்பியது. "இது சூடு இல்ல, ஒவ்வாமை. பழகிடும்னு கொஞ்சங்கொஞ்சமா குடுத்துப் பாக்காதீங்க" என்றார் டாக்டர்.

பெலாச்சான் போட்டதைச் சொல்லி ரோஹானா அழுதுவிட்டார். இப்போது கயலுக்கென்று தனிச் சட்டி வைத்திருக்கிறார். அதைத் தொட்டால் சொந்தப் புருஷனையே விரட்டுகிறார்.

என் பயமெல்லாம் நம் வீட்டை நினைத்துத்தான். கத்தரிக்காயில் உங்கள் அம்மா தூவும் சென்னாக்கூனியும் இறால்தானே? "ஒரு வாய்தான், ஒண்ணும் ஆவாது" என்று அவர் பாசமாக ஊட்டுவார். நீங்கள்தான் தடுக்க வேண்டும். குழம்புக் கரண்டியும் மாறக்கூடாது. உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ மோரைத் தேடாதீர்கள், சித்தியைக் கூப்பிடுங்கள். டாக்டர் கொடுத்து, கயலின் பையில் இருக்கும் ஊசியை உடனே தொடையில் குத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கயல் கண்ணாடி முன் நின்று பழகுகிறாள். மலாயில் "சாயா அலெர்ஜி ஊடாங்" என்று ஒரே மூச்சில், நிமிர்ந்து சொல்லிவிடுகிறாள். தமிழில் வரும்போது, "பெரியம்மா, எனக்கு இறால் ஆகாது, கோவிச்சுக்காதீங்க" என்று தொடங்கி, அவளை அறியாமலே கையைக் கூப்பிக்கொள்கிறாள்.