ஞானசௌந்தரி பார்த்துவிட்டாளா?

‘ஸ்டேட்டஸ்’ லத்தீனில் ஒரு பெயர்ச்சொல். நிற்றல், நிற்கிற நிலை என்று பொருள் சொல்கிறது அகராதி. அகராதி எழுதியவர்கள் திருநெல்வேலியில் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. எதிர்வீட்டுப் பாலசுப்பிரமணியன் அண்ணாச்சி அந்த ஒரு சொல்லை வைத்தே வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்.

குடும்பத்து வயல்கள் தாத்தா காலத்திலேயே கைமாறிவிட்டன. மிச்சம் இருந்தது அந்தச் சொல்தான். மகள் விஜயஸ்ரீ, கூட வேலை பார்த்த பையனைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, “நம்ம ஸ்டேட்டஸ் என்ன, அவன் ஸ்டேட்டஸ் என்ன? இனி இந்த வீட்டுல அவ பேச்சே வரப்பிடாது” என்றார். அவர் மனைவி பிரம்மநாயகி மதினி வாயை மூடிக்கொண்டாள். ஏற்கெனவே நெஞ்சுவலி வந்த மனுஷன். ஏதாவது ஆகிவிட்டால்?

மகள் இருந்தது பாளையங்கோட்டையில். இடையில் ஆறு, ஆற்றின் மேல் பாலம், பாலத்தில் ஓயாமல் பஸ். மதினிக்கு மட்டும் வழியில்லை. போனில் பேசவும் முடியாது. சாயந்திரமானால் அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் போனை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத்தான் தருவார்.

மதினி மகளின் எண்ணைத் ‘தையல் ஞானசௌந்தரி’ என்று பதிந்துகொண்டாள். காலையில் அடுப்பில் எது வெந்தாலும் படமெடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவாள். “தெனமும் அவியலும் கூட்டுமா?” என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். நானும்தான் செய்தேன். பார்த்தவர்கள் பட்டியலில் ஞானசௌந்தரி பெயர் இருந்தால் மகள் நன்றாக இருக்கிறாள். பதிலுக்கு அவளும் படம் போடுவாள். ஒருநாள் வளையல் நிறைந்த இரண்டு கைகள் வந்தன. யார் யாரோ நடத்திய வளைகாப்பு. மதினி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாளாம்.

மாதம் நிறைந்தது. வியாழக்கிழமையிலிருந்து பட்டியலில் ஞானசௌந்தரியைக் காணோம். மகளுக்குப் பிடித்த சொதியை வைத்துப் படம் போட்டாள். ஊரே பார்த்தது, மகள் பார்க்கவில்லை. ஞாயிறு சாயந்திரம், போனைப் புரட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி நிமிர்ந்தார்.

“ஏட்டி, ஞானசௌந்தரி இன்னைக்கும் பாக்கலையே?”

மதினிக்கு உயிரே போய்விட்டது.

“அது யாருன்னு எனக்குத் தெரியும். அவ பேரு இருக்கான்னுதான் தெனமும் பாக்குதேன். இருந்தாத்தான் சோறு எறங்குது.”

மதினிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “அப்போ இத்தன வருசமா நான் யாருக்குங்க பயந்து கெடந்தேன்?”

போனைப் பிடுங்கி, அவர் முன்னாலேயே அந்த எண்ணை அழைத்தாள். எடுத்தது மருமகன். ஆபரேஷன் ஆகியிருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம், அம்மாவைக் கேட்டுக் கேட்டு அழுகிறாள் என்றான்.

மதினி செருப்பை மாட்டினாள். “வாங்க, போவோம்.”

அண்ணாச்சி சட்டைகூடப் போட்டுவிட்டார். வாசல்வரை வந்தவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். எதிரே நான் நின்றிருந்தேன்.

“நீ போ. நான் பைய வாரேன்” என்றார்.

கொஞ்ச நேரத்தில் மதினியின் ஸ்டேட்டஸில் ஒரு பிஞ்சுக்கால் வந்தது. முதலில் பார்த்தவர் பெயர் பாலசுப்பிரமணியன் என்று மதினி பிறகு சொன்னாள். படம் வந்த அந்த நேரத்தில் நான் எட்டிப் பார்த்தேன். போட்ட சட்டையோடு அண்ணாச்சி வாசலிலேயேதான் நின்றுகொண்டிருந்தார்.